ஆசாரத்துக் கல்லுக்கு நான் வைத்த ரசம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு, அதிலும் பாதி நாள் களை எடுக்கப் போய்விட்டேன். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டு, யார் வீட்டிலோ பால் தீய்கிறது, கவனம் இல்லாத பொம்பளை என்று பக்கத்து வீட்டைத் திட்டுகிற ஆள் நான். முன்னே பின்னே மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் கோகிலா சொல்லித்தான் எழுதுகிறேன். "நீங்களே உங்க கையால எழுதி வெச்சிருங்கத்தே. உங்க மகன் ஒவ்வொருக்கா சொல்றப்பவும் அந்தச் சொம்பு பெருசாயிட்டே போகுது" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது அது குடமாகவே ஆகிவிட்டது.

எனக்குக் கூச்சம் அதிகம், சந்தேகமும் அதிகம். இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. கூச்சப்படுகிறவள் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். கேட்காததால் தெரியாது. தெரியாததால் சந்தேகம் வரும். இது எனக்குத் தெரிய அறுபத்தெட்டு வயது ஆயிற்று.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஆசாரத்தில் (இப்போது எல்லாரும் ஹால் என்கிறார்கள்) கறுப்புக் கடப்பாக்கல் போட்டிருக்கிறது. மொத்தம் அம்பத்தாறு கல். என் வீட்டுக்காரர் இருந்தபோது போட்டது. கிழக்கு மூலையிலிருந்து மூணாவது கல் என்னுடையது. சித்திரை வெயிலில் வெளியே காக்கா கூட உட்கார்ந்து மூச்சு வாங்கும். நான் அந்தக் கல்லில் பாய் கூட இல்லாமல் முதுகைச் சாய்ப்பேன். அந்தச் சுகத்துக்கு எந்த மிஷினும் வராது.

ஆனால் பார்க்கச் சகிக்காது. அதற்கும் நானே காரணம். வருசா வருசம் பொங்கலுக்குத் தரை மினுமினு என்று இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பேன். முப்பது பொங்கலின் எண்ணெய், அதன் மேல் முப்பது வருசப் புழுதி. நடந்தால் காலை விடாது. வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மறுபடி போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்ததும் உண்டு.

என் மகன் தங்கவேலுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை. "அம்மா, எங்க பட்டறைத் தரையே இதுக்குத் தேவலையாட்டருக்குது. கடப்பாறையில பேத்துப் போட்டுட்டு வெள்ளை டைல்ஸ் போட்டறலாம்" என்று ரெண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு டைல்ஸ் என்றாலே பயம். என் தங்கச்சி வீட்டுப் புதுத் தரையில், சம்பந்தி வீட்டார் முன்னால், பாயசச் சட்டியோடு வழுக்கி வாசல்படி வரைக்கும் போனவள் நான். (சட்டியை விடவில்லை. அதை யாரும் சொல்வதில்லை.)

கோகிலாதான் நடுவில் புகுந்தாள். "ஏனுங்க, வாழப்பாடிப் பக்கம் ஒரு அக்கா பழைய கல்லைப் புதுசாட்ட ஆக்கிக் குடுக்கறாங்களாம். போன்ல பாத்தேன். பாத்துட்டுப் பொறவு பேத்துக்கலாமே" என்றாள். தங்கவேலு உடனே, "சரி, வரச் சொல்லு. கல்லு நல்லா வந்தா இருக்கட்டும். வரலைன்னா பங்குனிக்குள்ள டைல்ஸ். அப்பறம் யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது" என்றான்.

'உடனே' என்று எழுதினேன் பாருங்கள், அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம். ரெண்டு வருசமாக டைல்ஸ், டைல்ஸ் என்றவன் எப்படி ஒரு நிமிசத்தில் சரி என்றான்? ஆளைக் கூட்டி வந்து கல்லைக் கெடுத்துவிட்டு, 'பாத்தியாம்மா, வரல' என்று சொல்லப் போகிறான். பெற்ற பிள்ளையை இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். பெற்றதால்தான் நினைத்தேன்.

போன வருசம் மாசி மாசத்தில் ஒரு காலையில் குட்டியானை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்ததே அந்தப் பொம்பளைதான். பெயர் செல்வி. நாற்பது, நாற்பத்தஞ்சு வயது இருக்கும். சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை, மூக்கை மூடிக் கட்டிய துண்டு. மூஞ்சியை மறைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள் வந்தால் என்ன நினைப்பது? பேச்சிலும் ஒரு 'ங்க' இல்லை. "ஏம்மா, தரையா இது? எண்ணெய் மட்டுமே ஒரு விரக்கடைக்கு நிக்குது. வடை சுடலாம்மா" என்றாள்.

நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெளி ஆள் முன்னால் எனக்கு வாய் வராது. பாத்திரம்தான் பேசும். தட்டை மெதுவாக வைத்தால் 'சரி' என்று அர்த்தம். கரண்டியை ரெண்டு தடவை தட்டினால் 'கோகிலா, இங்கே வா'. சொம்பை ணங்கென்று வைத்தால் 'எனக்குப் பிடிக்கவில்லை'. கோகிலா இதையெல்லாம் கல்யாணமான ஆறே மாசத்தில் படித்துவிட்டாள். யாராவது வந்திருக்கும்போது உள்ளே சத்தம் கேட்டால், "அத்தை சொல்றாங்க..." என்று ஆரம்பித்து அவளே எடுத்துச் சொல்லிவிடுவாள்.

கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்வி தரையில் குந்தினாள். பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். வெட்டினாள். ஓரமாக இருந்த உடைந்த கல்லில் ஒரே ஒரு சொட்டு விட்டாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

எலுமிச்சம்பழத்தை வெட்டித் தரையில் சொட்டு விடுகிறாள் என்றால் அது என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? உள்ளே சொம்பு ணங் என்றது. கோகிலா ஓடி வந்து, "அத்தே, செய்வினையெல்லாம் இல்லீங்க. என்னமோ சோதிச்சுப் பாக்கறாங்க" என்றாள். நான் நம்பவில்லை. பின்பக்க மதிலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். (பாவாயி அக்கா என்னை விடச் சந்தேகக்காரி. ஆனால் அதை வாய் விட்டுச் சொல்லிவிடுவாள்.)

"செய்வினையாவது ஒண்ணாவது. எலுமிச்சை அழுக்குக்குத்தானாத்தா போடுவாங்க" என்றாள் பாவாயி அக்கா. "நீ கல்லைப் பாத்துக்கோ. நாமகிரிப்பேட்டையில என்ற நாத்தனா ஊட்டுக்குப் பக்கத்துல, சுத்தம் பண்றேன்னு வந்தவங்க பழைய நல்ல கல்லையெல்லாம் உருவிட்டுப் போலிக் கல்லை வெச்சுட்டுப் போயிட்டாங்களாம்."

அத்தோடு என் தூக்கம் போயிற்று. மறுநாள் காலையில் செல்வி வருவதற்கு முன்னால் கல்லை எண்ணினேன். அம்பத்தஞ்சு. இன்னொரு தடவை எண்ணினேன். அம்பத்தஞ்சு. கோகிலாவை எழுப்பி விசயத்தைச் சொன்னேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்துவிட்டு, "அத்தே, நீங்க நிக்கற கல்லை எண்ணுனீங்களா?" என்றாள்.

அன்றைக்குச் செல்வி ஏதோ வெள்ளைப் பொடியைத் தோசை மாவு மாதிரி குழைத்துக் கல் முழுக்கப் பூசினாள். மேலே பிளாஸ்டிக் காகிதம் போட்டு மூடினாள். "இது எண்ணெயை உறிஞ்சி எடுக்கும். நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் தொறந்து பாக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். திறந்து பார்க்காதே என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவள் வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் நாலு மூலையிலும் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். கல்தான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் காய்ந்த மாவைச் சுரண்டி எடுத்தபோது அது மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்காக வந்தது. அடியில் கல் கறுகறு என்று தெரிந்தது. நான் தூக்கிப் பார்த்த நாலு மூலை மட்டும் சரியாக வரவில்லை. செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்த ஊட்டுல பூனை இருக்குதாம்மா?" என்று கோகிலாவைக் கேட்டாள். கோகிலா சமையல்கட்டைப் பார்த்துவிட்டு, "இருக்குதுங்க, வயசான பூனை" என்றாள்.

இப்போது பெரிய தப்புக்கு வருகிறேன்.

அதே நாள்தான், மூணாவது நாள். கடைசியாக ஒரு தடவை முழுத் தரையையும் கழுவ வேண்டும் என்று செல்வி ஒரு பெரிய பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, கேனிலிருந்து ஏதோ மருந்தை ஊற்றிக் கலக்கினாள். பழுப்பாக, டீத்தண்ணீர் மாதிரி இருந்தது. பிறகு, "சாப்ட்டுட்டு வந்துர்றேம்மா" என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பின்பக்க வேப்பமரத்துக்குப் போய்விட்டாள். கோகிலா கடைக்குப் போயிருந்தாள்.

நான் பக்கெட்டை எட்டிப் பார்த்தேன். விரலை விட்டு ஆட்டினேன். ஒரு பொட்டு நுரை இல்லை. முகர்ந்து பார்த்தேன். வாசமும் இல்லை. அதுதானே பார்த்தேன்! வெறும் தண்ணீர்! கலர் போட்ட தண்ணீர்! எலுமிச்சை கூட ஒரே ஒரு சொட்டுத்தான் விட்டாள், கஞ்சம். இதை வைத்துக் கழுவினால் கல் எப்படி விளங்கும்? விளங்காவிட்டால் பங்குனிக்குள் டைல்ஸ். தங்கவேலு போட்ட திட்டம் இதுதான் என்று எனக்குப் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கு விளக்குவதற்காகச் சமையல்கட்டில் புளியைக் கெட்டியாகக் கரைத்து வைத்திருந்தேன். பித்தளை எவ்வளவு கறுத்திருந்தாலும் புளி பட்டால் தங்கம் மாதிரி ஆகிவிடும் இல்லையா? எலுமிச்சை போடுகிற இடத்தில் புளி போட்டால் என்ன? ரெண்டும் புளிப்புத்தானே. என் தரையை நான் காப்பாற்றாமல் யார் காப்பாற்றுவார்கள்?

ஊற்றிவிட்டேன். ஒரு சொம்பு. (ஒரு சொம்புதான்.)

செல்வி கை கழுவிவிட்டு வந்தாள். மூக்கில் துண்டு கட்டியிருந்ததால் வாசம் தெரியவில்லை. தரை முழுக்க ஊற்றித் துடைப்பத்தால் பரப்பினாள். "கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்று வண்டிக்குப் போய் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவு இடுக்கில் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்து நல்ல தண்ணீர் விட்டு அலசி, துணி போட்டு ஒத்தி எடுத்தாள்.

கல் காய்ந்தது. காயக் காய வெளுத்தது. கறுகறு என்று இருந்தது சாம்பல் ஆயிற்று. அடுப்புச் சாம்பலை எடுத்து முழு ஆசாரத்துக்கும் பூசினால் எப்படி இருக்குமோ அப்படி. மூணாவது கல்லைப் பார்த்தேன். அது திட்டுத் திட்டாகத் தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது.

செல்வி மூக்குத் துண்டை அவிழ்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் மருந்துல இப்பிடி ஆவாதே... ஆவாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கோகிலா வந்தாள். சாயங்காலம் தங்கவேலும் வந்து வாசல்படியிலேயே நின்றுவிட்டான். எனக்கு அப்போதும் என் மேல் சந்தேகம் வரவில்லை பாருங்கள். ஊரில் எல்லார் மேலும் வருகிற சந்தேகம் என்னிடம் மட்டும் வராது. இவள்தான் கெடுத்தாள், நான் போட்ட புளியே இல்லை என்றால் இன்னும் மோசமாக ஆகியிருக்கும் என்று நினைத்துச் சொம்பை ணங்கென்று வைத்தேன்.

"அத்தை சொல்றாங்க, நீங்கதான் கெடுத்துட்டீங்கன்னு" என்றாள் கோகிலா, தயங்கித் தயங்கி.

செல்வி எழுந்து பக்கெட்டைச் சாய்த்தாள். அடியில் கிடந்த வண்டலை விரலால் அளைந்தாள். எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

புளியங்கொட்டை.

"இது என் மருந்துல வராதும்மா" என்றாள். "புளிப்பு பட்டாத்தான் இந்தக் கல்லு இப்பிடி வெந்து போவும். எவளோ..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு விசயம் புரிந்தது.

தங்கவேலு அந்தக் கொட்டையை வாங்கிப் பார்த்தான். "பாவாயி பெரியம்மா ஊட்டுப் புளியமரம் மதுலு மேலயேதான் நிக்குது. காத்துக்கு உழுந்திருக்கும். அதை உடுங்க. கல்லு போச்சு, அவ்வளவுதான். ஏம்மா, மரத்துக் கொட்டைதானே அது?" என்று சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனை எடுத்துக் காதில் வைத்தான். "அண்ணா, டைல்ஸ் சொல்லியிருந்தேனே, நாளைக்கு வாரேன்..."

செல்வி மிஷின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். "இந்த ஊட்டுல கல்லைக் கெடுத்துட்டான்னு நாலு பேரு சொன்னா, பொம்பளைய நம்பிக் குடுத்தா இப்பிடித்தான்னு இன்னும் நாப்பது பேரு சொல்லுவாங்க" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒயரிடம் சொன்னாள்.

என் கையில் ஒரு தட்டு இருந்தது. அதை மேடையில் மெதுவாக வைத்தால் போதும். கோகிலா, 'அத்தை ஆமாங்கறாங்க, மரத்துக் கொட்டைதான்' என்று சொல்லிவிடுவாள். வாயைத் திறக்கவே வேண்டாம். மானம் என்னிடம் இருக்கும். கல் போய்விடும். அந்தப் பொம்பளையின் பேரும் போய்விடும்.

தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அது கீழே இறங்க மாட்டேன் என்றது. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, ஆசாரத்துக்கு நடுவில் நின்றேன்.

"நான்தானுங்க ஊத்துனேன்" என்றேன்.

தட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து, கல்லில் உருண்டு, சுழன்று சுழன்று அடங்கியது. கோகிலா பழக்கத்தில், "அத்தை சொல்றாங்க..." என்று ஆரம்பித்து, நான் வாயாலேயே சொல்லிவிட்டது உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூணு நாளில் அவள் என்னை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "எதுக்கும்மா?" என்றாள்.

"நுரை வரலீங்க. அதான்..."

"நுரை வந்தாத்தான் மருந்தா?"

"நீங்களும் எலுமிச்சம்பழம் உட்டீங்களே?"

"ஏம்மா, இது புளிப்புக்குப் பயப்படுற கல்லான்னு பாக்கத்தாம்மா ஒரு சொட்டு உட்டேன். பயந்துச்சு. அதனாலதான் நான் புளிப்புப் பக்கமே போவல! கேட்டிருந்தா சொல்லியிருப்பனே." ஒயரைக் கீழே போட்டாள். "ரசம் வெக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பருப்புத் தண்ணி நான் கொண்டாந்திருப்பேன்."

தங்கவேலு போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து சிரித்தான். அந்தப் பக்கம் இருந்த டைல்ஸ்காரர் என்ன நினைத்தாரோ. நான் அவன் பக்கம் திரும்பினேன். "சாமி, கல்லைப் பேத்தறாதே. பேத்தாலும் அந்தப் பொண்ணு மேல சொல்லாதே" என்றேன்.

செல்வி குனிந்து கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "தோலுதான் போயிருக்கு. உசுரு இருக்கு. தேய்ச்சு எடுத்துடலாம். நாலு நாளு ஆவும். ஆனா ஒண்ணு, மிஷினு ஓடுறப்ப தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். அதுக்கு ஆளு இந்த அம்மாதான்" என்றாள்.

நாலு நாள் ஊற்றினேன். அதே சொம்பால். மிஷின் ஓட ஓட, சேறு மாதிரி கறுப்புத் தண்ணீர் ஓடியது. நானும் நனைந்து, சேலையெல்லாம் கல் சேறு. முதல் நாள் பேசவில்லை. ரெண்டாம் நாள், பேசினால்தான் முதுகு வலி தெரியாது என்று பேசினேன். எங்கள் சமையல் மேடையும் கடப்பாக்கல்தான், ஆனால் அந்தக் காலத்தில் ரோட்டோரக் கல்லுக்கடைக்காரர் மட்டக் கல்லைத் தலையில் கட்டிவிட்டார், போட்ட வருசமே வட்ட வட்டமாக வெளுத்துவிட்டது, அந்த ஆளை முப்பது வருசமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

செல்வி மிஷினை நிறுத்தினாள். எழுந்து போய் மேடையைப் பார்த்தாள். சொம்பை என் கையிலிருந்து வாங்கி அந்த வெள்ளை வட்டத்தின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"புளி கரைக்கிற சொம்பு எப்பவும் எங்கம்மா இருக்கும்?" என்றாள்.

நான் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனேன். கல்லுக்கடைக்காரர் இருக்கிறாரோ இல்லையோ. அவர் வீட்டார் யாராவது இதைப் படித்தால், என் சாபத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஆசாரம் இப்போது கறுப்புக் குளம் மாதிரி இருக்கிறது, வழுக்கவும் இல்லை. பீரோவுக்கு அடியில் ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் மிஷின் எட்டவில்லை. அது சாம்பலாகவே இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் தங்கவேலு டார்ச் அடித்துக் காட்டுகிறான்: "எங்கம்மா ரசம் வெச்ச எடம்." கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு ஆள் வந்தாலும், மோட்டார் பார்க்க ஆள் வந்தாலும், "கோகிலா, மொதல்ல சொம்பை எடுத்து உள்ள வை" என்கிறான். அவன் ஏன் அன்றைக்கு உடனே சரி என்றான் என்பதும் தெரிந்துவிட்டது. இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் நான் படுக்கப் போனால், கிழக்கிலிருந்து மூணாவது கல்லில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பல வருசமாக அங்கேதான் படுக்கிறானாம். இனிமேல் அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஞாபகத்தில் இருப்பது இவ்வளவுதான். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சரி பார்த்தால் நல்லது. அந்தக் கல்லுக்குப் பூசிய மாவு என்ன மாவு, தேய்த்தது மூணு நாளா நாலு நாளா என்பதெல்லாம் செல்விக்குத்தான் தெரியும். அவள் இதைப் படித்தால் வந்து திருத்திக் கொடுக்கட்டும். கல் அம்பத்தாறும் இருக்கிறதா என்று அவளே எண்ணட்டும். என் எண்ணிக்கையை இந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஊற்றியது ஒரு சொம்பா ரெண்டு சொம்பா என்று மட்டும் அவளிடம் யாரும் கேட்க வேண்டாம். அவள் அப்போது வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை.